தூத்துக்குடி – சென்னை விமானம்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? இணையத்தில் தேடினால் ஒரு தளம் ஒரு மணி பத்து நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருக்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகு விமானி ஒலிபெருக்கியில் வேறொரு கணக்குச் சொல்கிறார். தூரத்திலும் இதே குழப்பம்தான்: 530 என்று ஒருவர், 600 என்று இன்னொருவர், 650 என்று மூன்றாமவர்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். எது எதற்குரிய பதில் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், சேலம், மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம் என்று எந்த இரண்டு நிலையங்களுக்கும் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஊரில் பலருக்கு டிக்கெட் எடுக்க உதவும்போது நான் பார்த்தது, கணக்கு தப்புவது பெரும்பாலும் பெருக்கலிலோ வகுத்தலிலோ அல்ல. படிகளை மாற்றிப் போடுவதில்தான் தப்புகிறது. விமானம் எது என்று பார்க்காமலேயே வேகத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். ஒரு படியின் விடைதான் அடுத்த படிக்கு வேண்டிய எண்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கூகுள் மேப்ஸ் திறக்கக்கூடிய ஒரு போன், கால்குலேட்டர், ஒரு தாள். போனில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கைவசமாகத் திருப்பினால் வர்க்கமூலம், கொசைன் பொத்தான்கள் பெரும்பாலான போன்களில் வந்துவிடும். கொசைன் போடும் முன் அது டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

இரண்டு எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம். சாலையில் சொல்லும் மைல் வேறு, அது 1.609 கி.மீ. ஆங்கிலத் தளங்களில் வெறுமனே மைல் என்று போட்டிருந்தால் அது எந்த மைல் என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடுக்க வேண்டும். 286 கடல் மைலைச் சாலை மைல் என்று எடுத்துக்கொண்டால் 530 கி.மீ. தூரம் 460 ஆகச் சுருங்கிவிடும்.

1. ஊரை அல்ல, விமான நிலையத்தைக் குறியுங்கள்

கூகுள் மேப்ஸில் தூத்துக்குடி என்று தட்டினால் அது ஊரின் நடுவில் முள்ளைக் குத்தும். விமான நிலையம் இருப்பதோ வாகைக்குளத்தில், திருநெல்வேலி போகும் சாலையில். ஊரிலிருந்து இருபது கி.மீ.க்குக் கொஞ்சம் உள்ளே. சேலமும் அப்படித்தான், ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. 500 கி.மீ. கணக்கில் இந்த இருபது பெரிதாகத் தெரியாது. ஆனால் 180 கி.மீ. பயணத்தில் அது பத்து சதவீதத்துக்கு மேல்.

அடுத்து, மூன்றெழுத்துக் குறியீட்டைச் சரிபாருங்கள். சென்னை எம்ஏஏ, தூத்துக்குடி டிசிஆர், மதுரை ஐஎக்ஸ்எம், கோவை சிஜேபி. புதியவர்கள் தடுமாறுவது ‘தி’யில் தொடங்கும் ஊர்களில்: திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி, திருப்பதி டிஐஆர். பட்டியலில் முதல் இரண்டெழுத்தைப் பார்த்துவிட்டுத் தட்டினால் திருச்சிக்குப் போட வேண்டிய கணக்கைத் திருவனந்தபுரத்துக்குப் போட்டுக்கொண்டிருப்போம். டிக்கெட்டிலும் இதே தவறு நடக்கும் என்பதால், குறியீட்டை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கம் நல்லது.

2. ஓடுபாதையின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள்

மேப்ஸில் செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, ஓடுபாதையின் நடுவில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. டெர்மினல் கட்டடத்தில் குத்தினாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் இரண்டு நிலையங்களிலும் ஒரே மாதிரி எடுத்தால் கணக்கு சீராக இருக்கும்.

நம் எடுத்துக்காட்டுக்கு வேண்டியவை இவை:

தூத்துக்குடி: வடக்கு 8 டிகிரி 43 நிமிடம் 27 வினாடி, கிழக்கு 78 டிகிரி 1 நிமிடம் 33 வினாடி.

சென்னை: வடக்கு 12 டிகிரி 59 நிமிடம் 40 வினாடி, கிழக்கு 80 டிகிரி 10 நிமிடம் 50 வினாடி.

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். 8 டிகிரி 43 நிமிடத்தை 8.43 என்று எழுதிவிடுவார்கள். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். ஆகவே 43-ஐ 60-ஆல், 27-ஐ 3600-ஆல் வகுத்து எட்டுடன் கூட்ட வேண்டும். வருவது 8.7242. இதை 8.43 என்று போட்டால் தூத்துக்குடி 33 கி.மீ. தெற்கே தள்ளிப்போய்விடும்.

மாற்றி எழுதினால்: தூத்துக்குடி 8.7242, 78.0258. சென்னை 12.9944, 80.1806. மேப்ஸ் நேரடியாகப் புள்ளி வைத்த எண்ணைத் தந்தால் இந்த வேலை மிச்சம்.

3. நேர்கோட்டுத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

உருண்டையான பூமியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போனால் அதற்குக் கோள முக்கோணவியல் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டுக்குள், அல்லது இலங்கை வரை போகும் பயணத்துக்குப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும். இவ்வளவு சின்னத் துண்டில் பூமியின் வளைவு விடையை மாற்றுவதில்லை.

முதலில் வடக்கு–தெற்கு வித்தியாசம். 12.9944-லிருந்து 8.7242-ஐக் கழித்தால் 4.27 டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரி 60 கடல் மைல். ஆகவே 256 கடல் மைல்.

அடுத்து கிழக்கு–மேற்கு. 80.1806-லிருந்து 78.0258-ஐக் கழித்தால் 2.155 டிகிரி. அறுபதால் பெருக்கினால் 129. ஆனால் இது நிலநடுக்கோட்டில் மட்டுமே சரி. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், நடு அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் நடு அட்சரேகை ஏறத்தாழ 10.86 டிகிரி, அதன் கொசைன் 0.982. 129-ஐ அதனால் பெருக்கினால் 127 கடல் மைல்.

இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்: 286 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 530 கி.மீ.

கொசைனை மறந்தால் என்ன ஆகும்? நம் பக்கத்தில் கிழக்கு–மேற்குத் தூரம் இரண்டு சதவீதம்தான் கூடும். அதனால் தவறு கண்ணில் படாமல் போய்விடும். இதே கணக்கை டில்லிப் பக்கத்தில் போட்டால் பதினான்கு சதவீதம் வரை தப்பும். எங்கே போட்டாலும் கொசைனைப் போட்டுப் பழகுங்கள்.

இதே முறையில் சென்னைக்கு மற்ற ஊர்களிலிருந்து வரும் தூரம்: சேலம் 266 கி.மீ., திருச்சி 295, கோவை 405, மதுரை 418. உங்கள் கணக்கு இவற்றோடு இரண்டு மூன்று கி.மீ. வித்தியாசத்தில் வந்தால் முறை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். மேப்ஸிலேயே தூரம் அளக்கும் கருவியும் இருக்கிறது. விடையைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள். கணக்கு போடாமல் அதை மட்டும் நம்பினால், முள் ஊருக்குள் குத்தியதா ஓடுபாதையில் குத்தியதா என்பது கவனத்துக்கே வராது.

4. சாலைத் தூரத்தோடு ஒரு முறை உரசிப் பாருங்கள்

சென்னையிலிருந்து திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குச் சாலையில் ஏறக்குறைய 600 கி.மீ. ரயிலில் 650-ஐ ஒட்டி வரும். தொடக்கத்தில் சொன்ன மூன்று எண்களும் இவைதான்: வான்வழி, சாலை, ரயில்.

நேர்கோட்டுத் தூரம் எப்போதும் சாலைத் தூரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கூடுதலாக வந்தால் ஏதோ ஓர் எண்ணை இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். சாலைத் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், நடுவில் மலையோ கடலோ வளைகுடாவோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி இரண்டாம் படிக்குப் போக வேண்டும்.

நேர்கோட்டுத் தூரம் பணத்தையும் தொடும். சிறு ஊர்களுக்கு மலிவான விமானச் சேவை தர மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தின் முதல் விமானங்கள் 2017-ல் பறந்தபோது, ஏறத்தாழ 500 கி.மீ., ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சலுகை இருக்கைகளின் கட்டணம் 2,500 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். அங்கே பேசப்பட்டது வான்வழித் தூரம்தான்.

5. எந்த விமானம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நேரக் கணக்கின் மையமே இந்தப் படிதான். இணையக் கணிப்பான்கள் பெரும்பாலும் தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்து, அதோடு அரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகின்றன. 530 கி.மீ.யை 800-ஆல் வகுத்தால் 40 நிமிடம். அரை மணி கூட்டினால் ஒரு மணி பத்து நிமிடம். தொடக்கத்தில் சொன்ன விடை இப்படித்தான் வந்தது. பறப்பது ஜெட்டாக இருந்தால் இது பரவாயில்லாத மதிப்பீடு. ஆனால் சிறு நிலையங்களுக்குப் பறப்பது பல நேரம் ஏடிஆர்.

ஏடிஆர் 72 என்பது இறக்கையில் இரண்டு பெரிய சுழல்விசிறிகள் கொண்ட விமானம். எழுபது, எண்பது பேர் உட்காரலாம். சீரான உயரத்தில் பறக்கும்போது அதன் வேகம் ஏறத்தாழ 270 நாட், அதாவது மணிக்கு 500 கி.மீ. ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் 450 நாட் வரை போகும். மணிக்கு 830 கி.மீ. ஒரே தூரம், ஆனால் ஏடிஆரின் வேகம் ஜெட்டின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேல்தான்.

சிறு நிலையங்களுக்கு ஏன் ஏடிஆரை அனுப்புகிறார்கள் என்றால், முதல் காரணம் ஓடுபாதை. தூத்துக்குடியில் முன்பு இருந்த ஓடுபாதை 1,350 மீட்டர். பயணிகள் நிரம்பிய ஏ320 அங்கே இறங்கி ஏற முடியாது, ஏடிஆர் முடியும். ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, புதிய முனையத்தையும் கட்டி, 2025 ஜூலையில் திறந்தார்கள். ஆகவே இனி அங்கே பெரிய ஜெட்டும் இறங்கலாம். ஆனால் இறங்க முடியும் என்பதாலேயே எல்லா விமானமும் ஜெட்டாக மாறிவிடாது. எண்பது பேர் மட்டும் வரும் நேரத்துக்கு நூற்று எண்பது இருக்கை விமானத்தை எந்த நிறுவனமும் அனுப்பாது. எண்ணெய்ச் செலவிலும் குறுந்தூரத்துக்கு ஏடிஆர்தான் சிக்கனம். அதனால் ஊரைப் பார்த்து முடிவு செய்யாமல், நீங்கள் போகும் அந்த நாளின் அந்த விமானத்தைப் பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் ‘விமான விவரம்’ என்ற இடத்தில் ஏடிஆர் என்றோ, ஏடி7 என்றோ, 320, 321 என்றோ போட்டிருக்கும். போடவில்லையென்றால் இருக்கை வரைபடத்தைத் திறங்கள். நடைபாதைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்றால் ஏடிஆர். மூன்றும் மூன்றும் என்றால் ஜெட். பெரும்பாலும் இந்த அடையாளம் வேலை செய்கிறது.

அப்புறம் ஒரு துணைச் செய்தி. ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்குவது பின்பக்க வாசல் வழியாக. முன்வரிசையில் காசு கொடுத்து இருக்கை வாங்கினால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள். சீக்கிரம் வெளியே வர வேண்டியவர்கள் பின்வரிசையை எடுக்கலாம். தலைக்கு மேல் உள்ள பெட்டியும் சிறியது. ஜெட்டில் சிரமமில்லாமல் நுழையும் சக்கரப் பெட்டியை இங்கே ஊழியர்கள் வாசலிலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடலாம். அதனால் மருந்து, நகை, மடிக்கணினி ஆகியவற்றைத் தனியாக ஒரு சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பாதைக்கு எட்டு சதவீதம் கூட்டுங்கள்

விமானம் நேர்கோட்டில் பறப்பதில்லை. வானில் வகுத்து வைத்த தடங்கள் இருக்கின்றன. புறப்பட்டதும் ஒரு திருப்பம், இறங்கும் முன் வரிசையில் சேர ஒரு சுற்று என்று தூரம் கூடும்.

சென்னையின் முதன்மை ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 07, 25 என்று பெயர். அதாவது 70 டிகிரி, 250 டிகிரித் திசைகள். எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்பதை அப்போதைய காற்று தீர்மானிக்கிறது. 07 என்றால் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். 25 என்றால் கடல் பக்கமிருந்து வர வேண்டும். தெற்கிலிருந்து வரும் தூத்துக்குடி விமானம் இரண்டிலுமே நேராக வந்து இறங்க முடியாது. திரும்பித்தான் ஆக வேண்டும்.

300 கடல் மைல் அளவுள்ள பயணத்துக்கு எட்டு சதவீதம் கூட்டினால் போதும் என்பது என் மதிப்பீடு. 200-க்குக் கீழே இருந்தால் பத்து சதவீதம் கூட்டுங்கள். திருப்பங்கள் அதே அளவில் இருக்க, மொத்தத் தூரம் சிறுத்துவிடுகிறதே. நம் எடுத்துக்காட்டில் 286 கடல் மைல் இப்போது 309 ஆகிறது.

7. நிமிடங்களாக மாற்றுங்கள்

இதை மூன்று துண்டாகப் போட வேண்டும். ஒரே வகுத்தலில் முடிக்கப் பார்த்தால் விடை எப்போதும் குறைவாகவே வரும்.

முதல் துண்டு, தூரத்தை வேகத்தால் வகுப்பது. 309-ஐ 270-ஆல் வகுத்து அறுபதால் பெருக்கினால் 69 நிமிடம்.

இரண்டாவது, ஏறும்போதும் இறங்கும்போதும் இழக்கும் நேரம். மேலே ஏறும் விமானம் முழு வேகத்தில் போவதில்லை. கடைசிப் பத்து நிமிடத்திலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஏடிஆருக்கு எட்டு நிமிடம் கூட்டுங்கள். ஜெட்டுக்குப் பன்னிரண்டு கூட்டலாம். உச்ச வேகம் அதிகம் என்பதால் அதை எட்டாமல் கழியும் நேரத்தின் இழப்பும் அதிகம்.

மூன்றாவது, தரையில் ஊர்வது. கதவை மூடிப் பின்னால் தள்ளுவதிலிருந்து சக்கரம் மேலெழும் வரையும், சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து நிறுத்துமிடம் வரையும். சென்னைப் பக்கம் நெரிசல் இருக்கும். சிறு நிலையங்களில் நெரிசல் இருக்காது. ஆனால் சில சிறு நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையான தனித்தடம் இல்லாததால், விமானம் ஓடுபாதையிலேயே முனை வரை ஊர்ந்துபோய்த் திரும்பி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள்.

சரி, கூட்டலாம். 69, 8, 15: மொத்தம் 92 நிமிடம். டிக்கெட்டில் உள்ள ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது. விமானி சொல்வது முதல் இரண்டு துண்டுகளை மட்டும், அதாவது 77 நிமிடத்தை ஒட்டிய எண்ணை. அவர் ஊர்வதைச் சேர்ப்பதில்லை.

இதே பயணத்தை ஜெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். குறுந்தூரத்தில் அது உச்ச வேகத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான் என்பதால் 440 நாட் வைப்போம். 309-ஐ 440-ஆல் வகுத்தால் 42 நிமிடம். பன்னிரண்டும் பதினைந்தும் கூட்டினால் 69. ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம். வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல், ஆனால் மிச்சமாவது இருபத்து மூன்று நிமிடம்தான். ஜெட் டிக்கெட்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

8. காற்றை எப்போது சேர்ப்பது

எதிர்க்காற்று 20 நாட் இருந்தால் 270 நாட் விமானம் தரையைப் பொறுத்து 250 நாட் வேகத்தில்தான் நகரும். பின்காற்று என்றால் 290. 309 கடல் மைலுக்கு இது 74 நிமிடத்துக்கும் 64 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம். மெதுவான விமானத்தை அதே காற்று அதிகம் பாதிக்கும். ஜெட்டுக்கு இதில் பாதிகூட இருக்காது.

ஆனால் தூத்துக்குடி–சென்னை பாதை பெரும்பாலும் தெற்கு–வடக்கு. நம் பக்கத்துப் பருவக்காற்றுகள் மேற்கு, கிழக்குத் திசைகளைச் சார்ந்தே அதிகம் வீசுவதால் பக்கவாட்டில்தான் படும். நேரம் பெரிதாக மாறாது. கோவை–சென்னை அப்படியல்ல. அது கிழக்கு நோக்கிச் சாய்ந்த பாதை என்பதால் தென்மேற்குப் பருவக்காலத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. உங்கள் பாதை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு, இந்தப் படி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

9. நடந்த விமானங்களோடு ஒப்பிடுங்கள்

ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைப் போட்டால் சென்ற சில நாட்களில் அது எப்போது எழுந்தது, எப்போது இறங்கியது என்று காட்டும். ஒரு நாளை மட்டும் பார்க்காமல், ஒரு வாரத்தைப் பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கால அட்டவணை நேரம் என்பது நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரை. தளம் காட்டும் பறக்கும் நேரம் பெரும்பாலும் சக்கரம் எழுந்ததிலிருந்து சக்கரம் தொட்டது வரை. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு ‘விமானம் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறது’ என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 77-ஐ 77-உடனும் 92-ஐ 92-உடனும் ஒப்பிட வேண்டும்.

அட்டவணை நேரத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் போனால் சரியான நேரம் என்றே கணக்கு. உங்கள் விடைக்கும் அட்டவணைக்கும் பத்து நிமிடம் வரை வித்தியாசம் இருந்தால் கணக்கை மாற்ற வேண்டாம். இருபத்தைந்து, முப்பது என்று போனால் ஐந்தாம் படியில் விமானத்தைத் தப்பாக எடுத்திருக்கிறீர்கள்.

10. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டுங்கள்

பயணம் போகிறவருக்குத் தேவைப்படுவது இந்த எண்தான். இதுவரை கிடைத்த 92 நிமிடம் இதில் ஒரு பகுதி மட்டுமே.

தூத்துக்குடி ஊருக்குள்ளிருந்து வாகைக்குளத்துக்கு அரை மணி. உள்நாட்டு விமானங்களில் பெட்டி போடும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். விமானம் ஏறும் வாசல் 25 நிமிடம் முன்பு மூடும். ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போவது நியாயம். சிறு நிலையத்தில் வரிசை இருக்காது என்று நம்பி அரை மணி முன்னால் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். வரிசை இல்லாமல் இருக்கலாம். ஆனால் கவுன்ட்டரும் மூடியிருக்கும்.

சென்னையில் இறங்கியதும் ஏடிஆரைத் தள்ளி நிறுத்தினால் பேருந்தில்தான் முனையத்துக்கு வர வேண்டும். பெட்டிக்காகக் காத்திருப்பதையும் சேர்த்து அரை மணி. அங்கிருந்து நகருக்குள் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே வருவதால், மாலை நேரத்தில் ஜிஎஸ்டி சாலையை நம்புவதைவிட அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மொத்தம் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வரும். ஒப்பிட்டுப் பாருங்கள்: திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் ஏறத்தாழ எட்டு மணி நேரம் எடுக்கிறது. தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஓர் இரவு. பகல் ஒன்று மிச்சமாக வேண்டுமா, இரவில் தூங்கிக்கொண்டே போனால் போதுமா என்பதை நேரக் கணக்கு சொல்லாது. ஆனால் ‘ஒன்றரை மணி நேரத்தில் சென்னை’ என்று நினைத்துக் காலை பத்து மணி விமானத்தில் ஏறி, பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கி வைப்பதையாவது இது தடுக்கும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் போன்ற ஊர்க்காரர்களுக்கு மதுரையும் தூத்துக்குடியும் இரண்டுமே கைக்கெட்டும். வான்வழியில் மதுரை 112 கி.மீ. குறைவு. ஆனால் ஏடிஆர் கணக்கில் அது பதினைந்து நிமிடம்தான். சாலையில் எந்த நிலையம் பக்கம், எதில் நாளுக்கு அதிக விமானங்கள் என்பவையே இங்கே முடிவு செய்ய வேண்டியவை. ஒரு விமானம் ரத்தானால் அன்றே அடுத்ததில் போக வழி இருப்பது பதினைந்து நிமிடத்தைவிடப் பெரிது.

11. கடல் தாண்டும் குறும்பயணம்: திருச்சி–யாழ்ப்பாணம்

முறை புரிந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. திருச்சி 10.7654, 78.7097. பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையம் 9.7923, 80.0701. நீங்களே போட்டுப் பாருங்கள். 99 கடல் மைல், அதாவது 184 கி.மீ. வர வேண்டும். சாலைத் தூரம் என்று ஒன்றே கிடையாது என்பதால் நான்காம் படி இங்கே பொருந்தாது.

2025 மார்ச் இறுதியில் இந்த வழியில் ஏடிஆர் சேவை தொடங்கியது. பத்து சதவீதம் கூட்டினால் 109 கடல் மைல். வகுத்தால் 24 நிமிடம். எட்டும் பதினைந்தும் கூட்டினால் 47. அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இவ்வளவு குறுகிய பயணத்தில் சீரான வேகத்தில் பறப்பது பாதி நேரம்தான். மீதி ஏற்றம், இறக்கம், ஊர்தல்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேசியா என்றால் அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் இரு பக்கமும் உள்ளூர் நேரமே இருக்கும். இரவு ஒரு மணிக்குத் திருச்சியில் ஏறி, காலை ஏழரைக்குச் சிங்கப்பூரில் இறங்குவதாகப் போட்டிருந்தால், பயணம் ஆறரை மணி அல்ல, நான்கு மணி. திரும்பும்போது இரண்டரையைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்.

பன்னாட்டுப் பயணம் என்பதால் யாழ்ப்பாணத்துக்கும் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். 47 நிமிடப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் காத்திருப்பதா என்று எரிச்சல் வரும். குடியேற்றச் சோதனையும் சுங்கமும் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

12. சென்னையில் அடுத்த விமானம் பிடிக்க வேண்டியிருந்தால்

தூத்துக்குடி விமானம் வந்து சேரும் நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்; புறப்படும் நேரத்திலிருந்து அல்ல. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக எடுத்திருந்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும்.

தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முந்தைய இரவே சென்னைக்கு வந்துவிடுவது நல்லது. போகிப் பண்டிகைக் காலையிலும் அப்படித்தான். எரிப்பதன் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமான, வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்ட ஆண்டுகள் உண்டு. அன்று காலை வரும் விமானத்தை நம்பி வெளிநாட்டு விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள்.